வாசலில் நின்ற நிழல்

தென்கரைப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளில் நாற்பத்தொரு ஆய்வு மாணவர்கள் பட்டம் வாங்காமலேயே வீட்டுக்குப் போனார்கள். நாற்பத்தொரு பேருக்கும் காரணம் ஒன்றுதான். ‘சொந்தக் காரணங்கள்.’ இத்தனை பேருக்கு ஒரே காரணம் எப்படி வந்தது என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். விலகல் படிவத்தில் அந்த இரண்டு சொற்களும் அச்சாகியே வரும். விலகுகிறவர் கீழே கையெழுத்துப் போட்டால் போதும். காரணம் யோசிக்கிற சிரமத்தைக்கூடப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு வைக்கவில்லை.

நிறைமதிக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பும் அதுதான்: ஆய்வு மாணவர்கள் ஏன் பாதியில் போகிறார்கள்? தலைப்பைக் கொடுத்தவர் அவளுடைய நெறியாளர், புள்ளியியல் துறைத் தலைவர் பேராசிரியர் ஞானசிகாமணி. தனக்கு விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே அவர் மாணவர்களுக்குக் கொடுப்பார். இதற்கும் விடை அவருக்குத் தெரியும். படிவத்தில்தான் அச்சடித்திருக்கிறதே.

அவள் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்பா தென்காசி டிப்போவில் நடத்துநர். டிக்கெட் கொடுக்கும்போதே, “எம்மக டாக்டருக்குப் படிக்கா, ஊசி போடுத டாக்டர் இல்ல, அதுக்கும் மேல” என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற மனிதர். வாரத்துக்கு ஒருமுறை போனில் கேட்பார்: “இன்னும் எம்புட்டும்மா இருக்கு?” ஐந்து அத்தியாயங்களில் நாலு முடிந்திருந்தது. ஐந்தாவதற்குத்தான் தரவு இல்லை.

நாற்பத்தொரு பேருக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒன்பது பேர் எடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னதும் ஏழு பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் அழுதார். இன்னொருவர் போனை மனைவியிடம் கொடுத்து, தான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். அவர் சொல்லிக்கொடுக்கிற குரல் பின்னால் தெளிவாகவே கேட்டது.

அப்படித்தான் ஒரு நாள் காலையில் கணினி மையத்தில் ஜெபசீலன் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஜெபசீலன் நாசரேத்துக்காரர், மையத்தின் மூத்த தொழில்நுட்பர். பல்கலைக்கழகத்தில் எல்லாருடைய ரகசியமும் தெரிந்தவர். தெரிந்ததாலேயே யாரும் அவருக்குப் பதவி உயர்வு தந்ததில்லை.

“ஆளக் கேட்டா சொல்ல மாட்டாவம்மா. நிழலக் கேளு” என்றார்.

“எந்த நிழலு அண்ணே?”

“உனக்கும் ஒண்ணு இருக்கே, தெரியாதா? சேந்த அன்னைக்கு லேப்டாப் குடுத்தாங்கல்லா? அதுல நீ அடிச்சது, அடிச்சிட்டு அழிச்சது, படிச்சது, உங்க கைடு அனுப்புன மெயிலு, நீங்க பேசுன மீட்டிங்கு, எல்லாம் இங்க வந்து விழும். ரெண்டு வருஷம் போச்சுன்னா உன்ன மாதிரியே யோசிச்சு உன்ன மாதிரியே எழுதுத ஒண்ண உண்டாக்கிரலாம். நீ பாதியில போயிட்டன்னா மிச்சத்த அது எழுதி முடிக்கும். பட்டம் உன் பேர்லதான் வரும். பல்கலைக்கழகத்துக்கு எண்ணிக்க குறையாது.”

“இதுக்கு நான் எப்ப சம்மதிச்சேன்?”

“பதினேழாவது படிவம்.”

சேர்ந்த அன்றைக்கு அவள் இருபத்துமூன்று படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் நின்று தாள்களைப் புரட்டிக் கொடுத்தவர் அப்பாதான். அவருக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

“அப்ப நிறைய பேருக்கு நிழல் முடிச்சுக் குடுத்திருக்கா?”

ஜெபசீலன் சிரித்தார். “ஒண்ணுகூட முடிக்கல. அதான் கூத்து. ஆளு எந்த எடத்துல விட்டாங்களோ அந்த எடத்துலயே நிழலும் நின்னுருது. செஞ்சு குடுத்த கம்பெனிக்காரனுவ ரெண்டு வாட்டி வந்து பாத்தானுவ. கோளாறு ஒண்ணும் இல்லையாம். ரொம்பச் சரியா வேல செய்யுதாம், அதான் பிரச்சினையாம்.”

அவர் இருபத்துமூன்றாம் எண்ணைத் திறந்தார். தங்கமாரி, புள்ளியியல் துறை. தூத்துக்குடி உப்பளங்களில் மழை எப்போது விளைச்சலை அழிக்கும் என்று முன்கூட்டிச் சொல்கிற கணக்கு. நெறியாளர், பேராசிரியர் ஞானசிகாமணி. நிறைமதி சேர்வதற்கு முந்தைய வருஷம் விட்டுப் போனவள். நாலு அத்தியாயமும் சுத்தமாக இருந்தன. ஐந்தாவதன் தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே நிழல் எழுதியிருந்தது ஒரே வரி.

‘ஐயா, உள்ளே வரலாமா?’

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷம் கழித்து அதே வரி மறுபடி வந்தது. பிறகு மறுபடியும்.

“எவ்வளவு நாளா இப்படி?”

“நாலு வருஷமா.”

நிறைமதிக்கு அது எந்த வாசல் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது மாடி, தாழ்வாரத்தின் கடைசி, தேக்குக் கதவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையில் நெறியாளரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்காக மாணவர்கள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பார்கள். சிலநாள் இரண்டு மணி நேரம், சிலநாள் காலை முழுவதும். கதவுக்குப் பக்கத்தில் பிரம்பு பின்னிய நாற்காலி ஒன்று உண்டு. வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்தால் உட்காருவதற்கு. அதில் ஆய்வு மாணவர் யாரும் உட்கார்ந்து நிறைமதி பார்த்ததில்லை. உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவும் இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் அது எப்படியோ தெரிந்துவிடும்.

அவளும் நாலு வருஷமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள்தான்.

“அண்ணே, நிழல்ல இருந்து எதையாவது ஒண்ண உருவிட்டு, மறுபடி எழுதச் சொல்ல முடியுமா?” என்று கேட்டாள்.

“முடியுமே. என்னத்த உருவணும்?”

“சொந்தக் காரணங்கள.”

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் வேலையைத் தொடங்கினார்கள். தங்கமாரியின் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்த மூன்று மாதத்தை முதலில் எடுத்தார்கள். அம்மாவுக்கு ஒன்றுமே ஆகாத தங்கமாரி எழுதத் தொடங்கினாள். ‘ஐயா, உள்ளே வரலாமா?’ அடுத்து, இருபத்தெட்டு வயதில் மூன்று முறை பெண் பார்த்துவிட்டுப் போனவர்களை எடுத்தார்கள். பிறகு விடுதிச் சாப்பாட்டில் வந்த மஞ்சள்காமாலையை. பிறகு, விடுதியை விட்டபின் தினமும் இரண்டு பேருந்து மாறி வந்த அலைச்சலை. உடம்பு நன்றாக இருக்கிற, கல்யாணத் தொல்லை இல்லாத, வாசலுக்குக் கார் வருகிற தங்கமாரியும் அதே வரியைத்தான் எழுதினாள்.

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. நிறைமதி அதைச் சொன்னதும் ஜெபசீலன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

“வேண்டாம்மா. அது உன் கைடும்தான்.”

“சும்மா ஒரு தடவ அண்ணே.”

நெறியாளர் அனுப்பிய மின்னஞ்சல்கள், அவர் பேசிய சந்திப்புகள், அவர் சிவப்பில் அடித்துக் கொடுத்த தாள்கள், எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஐந்தாவது அத்தியாயம் நாற்பது நிமிஷத்தில் வந்தது. தொண்ணூறு பக்கம். நிறைமதி அங்கேயே உட்கார்ந்து படித்தாள். முதலில் அவளுக்கு வந்தது பொறாமை. தன்னால் இப்படி எழுத முடியாது என்று பட்டது. இதை எழுதக்கூடிய ஒருத்தியை நாலு வருஷமாக வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்கிற ஆத்திரம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆத்திரத்தோடு பயமும் வந்தது. அன்றைய குறிப்பில் அவள் கவனமாக ஒரு வரி எழுதி வைத்தாள்: நெறியாளரின் பதிவுகளை நீக்கியதால் தரவின் பாரம் குறைந்து வேகம் கூடியிருக்கலாம், விலகலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம். எழுதி முடித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்துப் போக ஒரு பின்கதவு எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது.

மீதி நாற்பது நிழல்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க எட்டு மாதம் ஆனது. வெவ்வேறு துறைகள், வெவ்வேறு நெறியாளர்கள். கடைசியில், நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு, நெறியாளரை எடுத்ததும் முடித்துக் கொடுத்தன. மூன்று பேருக்கு உண்மையாகவே சொந்தக் காரணம்தான்; ஒருவருக்கு வேலை கிடைத்திருந்தது, இரண்டு பேருக்குப் பாடமே பிடிக்கவில்லை. முப்பத்தெட்டில் ஒன்பது பேர் ஞானசிகாமணியின் மாணவர்கள்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் நிறைமதி தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினாள். போனை வைத்துவிட்ட ஏழு பேரில் தங்கமாரியும் ஒருத்தி. ஆனால் அவளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் யாரைக் கேட்டாலும், “மழ சொல்லுத அக்காவா?” என்று வழிகாட்டினார்கள். தினமும் காலையில் இரண்டாயிரம் தொழிலாளர்களின் போனுக்கு அவள் குரல் வருமாம். நாளைக்கு மழை உண்டா, வாரி வைத்த உப்பை மூடலாமா வேண்டாமா என்று. பட்டம் வாங்காத ஆராய்ச்சி அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

ஒற்றை அறை, தகரக் கூரை. தங்கமாரி நிமிர்ந்து பார்த்தாள். பல்கலைக்கழகத்துப் பை தோளில் தொங்கியதைக் கண்டு முகம் சுருங்கியது. இருந்தாலும் முதலில் சொன்னது, “உக்காருங்க.”

நிறைமதி லேப்டாப்பைத் திறந்து வைத்து, பதிவு செய்யலாமா என்று கேட்டாள்.

“செய்யுங்க. சொந்தக் காரணங்கள்னு போட்டுக்கோங்க. அதான கேப்பாவ?”

“நெசமான காரணத்தச் சொல்லுங்கக்கா.”

தங்கமாரி வெளியே வெள்ளையாகக் கிடந்த பாத்திகளைப் பார்த்தாள். “ஒரு நாளு காய்ச்சல். நூத்திரெண்டு. கையெழுத்துக்குக் கடைசி நாளுன்னு போயிட்டேன். காலையில ஒம்பது மணிக்கு நின்னவ, பன்னெண்டு மணிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்திச்சு. அந்தப் பிரம்பு நாக்காலி கெடக்குல்லா? உக்காந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா?”

“சாரு கதவத் தொறந்துட்டு வெளிய வந்தாவ. என்னப் பாத்தாவ. நாக்காலியப் பாத்தாவ. ஒண்ணும் சொல்லல. ஏசியிருந்தாக்கூட மன்னிப்புக் கேட்டுருப்பேன். சிரிச்சிட்டுப் போயிட்டாவ. மறுநாளு வந்து பாக்கேன், என் அறிக்க பியூன் மேசையில கட்டுக்கு அடியில கெடக்கு. அடுத்த மாசமும் அடியிலதான். பதினாலு மாசம் நின்னேன். ஒரு நாளும் உள்ள கூப்பிடல. எனக்கு அப்புறம் வந்த பையன் ஒருத்தன் அந்த நாக்காலியத் துணி வச்சுத் தொடச்சதையும் பாத்தேன். யாரு தொடைக்கச் சொன்னாவன்னு தெரியாது. அத எந்தப் படிவத்துல எழுத? உக்காந்ததுக்காகப் படிப்பு போச்சுன்னு சொன்னா எங்க அம்மாவே நம்ப மாட்டா.”

நிறைமதி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். நிழலைப் பற்றிச் சொன்னாள். வருஷக்கணக்காக அது எழுதுகிற ஒற்றை வரியையும் சொன்னாள்.

“இன்னுமா அங்கன நிக்கா?” என்று கேட்டாள் தங்கமாரி. கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “ஊருக்குப் போனதும் ஒரு உதவி செய்யுங்க. அவள உக்காரச் சொல்லுங்க.”

மறுநாள் கணினி மையத்தில் நிறைமதி இருபத்துமூன்றாம் எண்ணைத் திறந்தாள். எதையும் நீக்காத, முழுசான தங்கமாரி. ‘ஐயா, உள்ளே வரலாமா?’ என்ற வரிக்குக் கீழே, ‘உட்காருங்க அக்கா’ என்று அடித்தாள். ஐந்து நிமிஷம் ஆகியும் பழைய வரி வரவில்லை. பிறகு பதில் வந்தது.

‘பரவாயில்லை. நிற்கிறேன்.’

நிறைமதி தன் குறிப்பைத் திறந்து, அந்தப் பின்கதவு வரியை அழித்தாள். அன்றைக்கே ஐந்தாவது அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு என்ற எண்ணை முதல் வாக்கியத்திலேயே வைத்தாள்.

எழுதி முடித்த அத்தியாயத்தைக் கொடுத்து மூன்று வாரம் கழித்து அவளுக்கு அழைப்பு வந்தது. வாசலில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு பியூன் முத்துக்குட்டி தலையசைத்தார். உள்ளே மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் இருந்தன. நிறைமதி நின்றாள்.

பேராசிரியர் ஞானசிகாமணி குரலை உயர்த்தியதே கிடையாது. மாணவர்களைத் திட்டியதும் கிடையாது. பார்க்கிறவர்களுக்கு, இப்படி ஒரு நெறியாளர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

“வாம்மா மதி. அஞ்சாவது அத்தியாயம் படிச்சேன். மொழி நல்லா இருக்கு. மாதிரி அளவுதான் சின்னது.”

“மொத்தமே நாப்பத்தொரு பேருதான் சார். அத்தன பேரையும் எடுத்திருக்கேன்.”

“நிழலுக்கு என்னம்மா தெரியும்? அது ஒரு மிஷின்.”

“அது எழுதுனா பட்டம் குடுக்கலாம்னு நாமதான சார் விதி போட்டிருக்கோம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்கப்பா எப்படி இருக்காரு? போன வருஷம் பலாப்பழம் கொண்டாந்தாரே. எவ்வளவு தூரம், பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு. நல்ல மனுஷன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “உன்னைத் தலைப்ப மாத்தச் சொல்லல. எண்ணைக்கூட மாத்த வேண்டாம். முப்பத்தெட்டுன்னே இருக்கட்டும். அதுக்குக் காரணம் என்னன்னு எழுதுற எடத்துல மட்டும் கொஞ்சம் நிதானமா எழுது. பாரம் குறைஞ்சா எந்த மிஷினும் வேகமா ஓடும்தானே? விலகினவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த காரணம் நம்மகிட்ட இருக்கு. அதுதான் ஆதாரம்.”

“மாத்தலன்னா சார்?”

“மாத்தலன்னா உனக்கு அவசரம் இல்லேன்னு அர்த்தம்” என்றார் அவர் அன்போடு. “எனக்கும் இல்லம்மா.”

அதற்குப் பிறகு நிறைமதி ஏழு மாதம் நின்றாள். அறிக்கை அடியிலேயே கிடந்தது. சில நாள்களில் யார் மேல் என்று தெரியாத கோபம் ஒன்று வந்து, எல்லாவற்றையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று கை பரபரக்கும். அப்போதெல்லாம் தங்கமாரியின் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். ஐம்பத்துமூன்று நிமிஷம். கேட்டு முடித்தால் கை அடங்கிவிடும்.

எட்டாவது மாதம் விலகல் படிவம் வாங்கினாள். நூலகம், விடுதி, ஆய்வகம் என்று பாக்கி ஏதும் இல்லை என்பதற்குப் பதினோரு கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே பகலில் பதினொன்றும் கிடைத்தன. அந்தப் பல்கலைக்கழகத்தில் அத்தனை வேகமாக நடக்கிற வேலை அது ஒன்றுதான். பத்தாவதாகப் போட்டவர் ஞானசிகாமணி. முத்துக்குட்டி படிவத்தை உள்ளே கொண்டுபோய், இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

ஜெபசீலனிடம் லேப்டாப்பை ஒப்படைக்கும்போது அவளுக்கு ஒரு ஆறுதல் மட்டும் இருந்தது. “என் நிழலும் எழுதாதுல்ல அண்ணே? அதுவும் நிக்கும். நாப்பத்திரெண்டாவதா.”

“நிக்கும்மா. நீ நின்னவதான” என்றார் அவர்.

ஊருக்குப் போய்க் கடையநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். அப்பாவிடம், கொஞ்ச நாள் லீவு என்றாள். அவர் நம்பினாரோ இல்லையோ, போனில் ‘இன்னும் எம்புட்டு இருக்கு’ என்று கேட்டவர், நேரில் கேட்கவே இல்லை. பேருந்தில் டிக்கெட் கொடுக்கும்போது இப்போது மகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்று கூட வேலை பார்க்கிற ஓட்டுநர், அவள் அம்மாவிடம் சொன்னாராம்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் பேருந்தை விட்டு இறங்கியபோது தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியிருந்தது. அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புப் புகைப்படம், சிரிக்காத முகம். ‘முனைவர் பட்டம் பெற்ற எங்கள் வீட்டுச் செல்வம் முனைவர் நிறைமதி அவர்களை வாழ்த்தும்’ என்று தொடங்கி டிப்போ நண்பர்கள் இருபது பேரின் படங்கள். வாசலில் அப்பா புதுச்சட்டையோடு நின்றார். கையில் பல்கலைக்கழகக் கடிதம்.

“லீவுன்னு சொல்லி ஏமாத்திட்டியே” என்றார். அழுதுகொண்டிருந்தார். “முடிச்சிட்டு வந்துதான் உக்காந்திருக்கியா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாது?”

சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள். அப்பாவின் கழுத்தில் யாரோ போட்ட துண்டு கிடந்தது. நிறைமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபசீலனுக்குப் போன் போட்டாள்.

“என்னத்த உருவினீங்க அண்ணே?”

அந்தப் பக்கம் அவர் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“உருவச் சொன்னாங்க, உருவினேம்மா. எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

“அது தெரியும். என்னத்த?”

“மொதல்ல ஒண்ணும் உருவல. அது நிக்கல மதி. நீ எழுதுன அதே அத்தியாயத்தையே மறுபடி எழுதிச்சு. உங்க சாரை எடுத்தோம். இன்னும் காரமா எழுதிச்சு. உங்கப்பாவ எடுத்தோம். அப்புறம், அவரு இருந்தாதான் உனக்குப் பயம் கூடும்னு திரும்ப வச்சோம். அப்பவும் அதேதான். பத்து நாளு பாத்தாங்க. அப்புறம் சாரே ஒரு ஃபைல் பேரச் சொல்லி, இத எடுங்கன்னாரு. ஐம்பத்துமூணு நிமிஷம்.”

“தங்கமாரி.”

“ஆமா. அந்த ஒண்ணுதான். நீ முள்ளக்காட்டுக்கே போகாத மாதிரி ஆக்கி, நீ அங்க போயிட்டு வந்து அழிச்ச குறிப்பத் திருப்பிக் குடுத்தோம். அரை மணி நேரத்துல முடிச்சிட்டு.”

“காரணம் என்னன்னு எழுதிச்சு?”

அவர் படித்தார். நெறியாளரின் பதிவுகளை நீக்கியதால் தரவின் பாரம் குறைந்து வேகம் கூடியிருக்கிறது. விலகலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. விலகியவர்கள் தாமே எழுத்தில் தந்த சொந்தக் காரணங்களே ஏற்கத்தக்கவை.

அது அவளுடைய வாக்கியம். ‘இருக்கலாம்’ போயிருந்ததைத் தவிர, அவள் குறிப்பில் எழுதி வைத்த அதே சொற்கள்தான். யாரோ அவள் பெயரில் பொய் சொல்லிவிட்டார்கள் என்று கோபப்பட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. ஒரு பேருந்துப் பயணம் போகாமல் இருந்திருந்தால் இதைத்தான் எழுதிக் கொடுத்திருப்பாள். எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். தன்னைப் பற்றி அவள் வைத்திருந்த நல்ல எண்ணத்துக்கு மொத்தமே ஐம்பத்துமூன்று நிமிஷம்தான் ஆதாரம் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். பதிவாளர் அலுவலகத்தில் பிரிவு அலுவலர் மனுவை இரண்டு தடவை படித்தார்.

“பட்டம் கெடைக்கலன்னு வருவாங்க. வேண்டாம்னு வந்தது நீங்கதாம்மா மொதல் ஆளு. இதுக்குன்னு தனியா படிவம் கிடையாது. எதுக்கும் கைடுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க.”

இரண்டாவது மாடி. தாழ்வாரத்தின் கடைசி. முத்துக்குட்டி அவளைப் பார்த்ததும் எழுந்து, “வாழ்த்துக்கள்மா” என்றார். பிறகு பழக்கத்தில், “சார் மீட்டிங்ல இருக்காரு. நில்லுங்க” என்றார்.

வாசலில் ஏற்கெனவே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். மார்போடு அணைத்த கோப்பு, புதுச் செருப்பு. காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக நிற்கிறாள் என்று தெரிந்தது.

நிறைமதி பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு மேலாகப் பார்த்த நாற்காலி. நேரே போய் அதில் உட்கார்ந்தாள். பின்னல் ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. முத்துக்குட்டி எதையோ சொல்ல வந்து, கதவைப் பார்த்து, ஃபைலை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார்.

பத்து நிமிஷம் கழித்து நிறைமதி எழுந்து, அந்தப் பெண்ணுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரும்மா. கால் வலிக்கும்.”

அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்தாள். தேக்குக் கதவைப் பார்த்தாள். கோப்பை இன்னும் இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

“பரவால்லக்கா. நான் நிக்கேன்.”